இரண்டு விரற்கடை

(கேரளத்தில், தமிழக எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து வாசகசாலை ஒன்றின் ஆண்டு விழாவில் பேசியது)

மேடையில் இருக்கும் பெரியவர்களுக்கும், பாயில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்கும், பின்னால் நிற்கிற என் சோட்டு ஆட்களுக்கும் வணக்கம். எனக்கு முன்னால் மூன்று பேர் பேசிவிட்டார்கள். சுண்டல் வாசம் எனக்கே வருகிறது, உங்களுக்கு வராமல் இருக்காது. சீக்கிரம் முடித்துவிடுகிறேன்.

நோட்டீசில் 'அயல்நாட்டு வாழ்க்கை தந்த பாடங்கள்' என்று போட்டிருக்கிறார்கள். ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் மலையாளம். மலையாளப் பக்கத்தில் நான் 'பிரவாசி'. தமிழ்ப் பக்கத்தில் 'துபாய் ரிட்டர்ன்'. நான் இருந்தது ஷார்ஜாவில். பரவாயில்லை, நம் ஊருக்கு வளைகுடா முழுவதும் துபாய்தான்.

1996-இல் போனேன், 2017-இல் திரும்பினேன். கட்டட வேலையில் ஹெல்ப்பராகச் சேர்ந்து ஃபோர்மேனாக வெளியே வந்தேன். உயரமான கட்டடங்களையும் பெரிய கார்களையும் பற்றிக் கேட்க ஆசைப்படுகிறவர்கள் யூடியூபில் பார்த்துக்கொள்ளலாம். அங்கே என்ன கற்றாய் என்று யாராவது கேட்டால் எனக்கு ஒரு தண்ணீர்த் தொட்டிதான் நினைவுக்கு வருகிறது. எங்கள் சைட்டில் தரையில் கிடந்த இரும்புத் தொட்டி. அதன் நிழலில்தான் மதியச் சாப்பாடு.

அந்த நிழலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கடக ரேகை அந்த நாட்டின் வழியாகப் போகிறது, ஷார்ஜா அதற்குச் சற்றே வடக்கே. ஜூன் மாத உச்சிப் பொழுதில் சூரியன் கிட்டத்தட்ட தலைக்கு நேர் மேலே. பத்தடி உயரத் தொட்டிக்கு ஒரு சாண் நிழல்கூட விழாது. பொழுது கொஞ்சம் சாய்ந்த பிறகுதான் கிழக்குப் பக்கம் மெல்லக் கறுப்பு நீளும். இப்போது அங்கே சட்டம் இருக்கிறது: ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை, பகல் 12.30 முதல் 3 மணி வரை, வெயிலில் வேலை வாங்கக் கூடாது. நான் போன புதிதில் அது கிடையாது. சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம், அவ்வளவுதான். விடியற்காலை நாலு மணிக்குக் கட்டி எடுத்து வந்த சோறு அதற்குள் ஊசிப் போயிருக்கும். வடக்கத்தியார் கொண்டுவரும் குப்பூஸ், அதாவது அரபு ரொட்டி, கெடாது. நான் ஒரு மாதத்தில் குப்பூசுக்கு மாறிவிட்டேன்.

நிழல் ஒடுக்கம். தொட்டியில் முதுகை ஒட்டி வரிசையாக உட்காருவோம், கால் வெயிலில் நீண்டிருக்கும். பதினான்கு பேர் உட்கார்ந்தால் இடம் முடிந்தது. அப்புறம் கம்பி கட்டுகிறவன் ஒருத்தன் தட்டோடு வருவான், பெரும்பாலும் அவன்தான் கடைசி. வரிசையின் ஓரத்தில் பாகிஸ்தான் பெஷாவர்க்காரர் ஒருவர் இருப்பார். சாச்சா என்று கூப்பிடுவோம். அவர் தலை நிமிராமல், மென்றுகொண்டே, இடுப்பைத் தூக்கி இரண்டு விரற்கடை நகருவார். அடுத்தவன் நகருவான். அதற்கடுத்தவன். ரயில் பெட்டி ஒன்றோடொன்று இடிக்கிற மாதிரி அந்த அசைவு மறுமுனை வரைக்கும் போகும். கடைசியில் பார்த்தால் ஒரு ஆள் உட்காருகிற இடம் இருக்கும். யாரும் நன்றி சொல்ல மாட்டார்கள். யாருக்கும் யார் மொழியும் சரியாகத் தெரியாது.

இதற்கு நடுவில் நான் யார் என்று ஒரு குழப்பம் இருந்தது. சாச்சாவுக்கு நான் 'மலபாரி'. ரூமில் இருந்த மலையாளிகளுக்கு 'பாண்டி'. பொள்ளாச்சியிலிருந்து வந்த எலெக்ட்ரீஷியன் என்னை 'மலையாளத்துக்காரர்' என்பார். பொள்ளாச்சி நம் வீட்டிலிருந்து எவ்வளவு தூரம், சொல்லுங்கள்! சாச்சாவிடம் ஒருநாள் விளக்கிப் பார்த்தேன். ராஜா காலத்தில் பாலக்காடுதான் மலபார், எங்கள் சித்தூர்ப் பக்கம் கொச்சி ராஜ்ஜியம், 1956-இல் கேரளம் ஆனது, ஆனால் வீட்டில் பேசுவது தமிழ் என்றெல்லாம். என்னுடைய அரைகுறை இந்தியில் அவருக்கு எவ்வளவு புரிந்ததோ தெரியாது. முழுக்கக் கேட்டுவிட்டு, "டீக் ஹை மலபாரி, சாய் பியோ" என்றார். சரி மலபாரி, டீயைக் குடி என்று அர்த்தம். அதோடு அந்த வழக்கு முடிந்தது.

இனி சொல்லப்போவது எனக்குப் பெருமை தருகிற விஷயம் இல்லை. ஒரு வருடம் மூன்று மாதச் சம்பளம் வரவில்லை. எந்தக் கம்பெனி என்பது இங்கே வேண்டாம். ஊரில் தங்கச்சிக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அந்த நாட்களில் எனக்கு எல்லார் மேலும் கோபம். ஒரு மதியம் வரிசை அசைந்து வந்தபோது நான் நகரவில்லை. பக்கத்தில் இருந்தவன் முழங்கையால் லேசாக இடித்தான். தெரியாதவன் மாதிரி இருந்துவிட்டேன். என் இடப்பக்கம் ஏழு பேர் நகர்ந்து வைத்த இடம் என்னிடம் வந்து நின்றுபோயிற்று. அன்றைக்குக் கடைசியாக வந்தவன் பங்களாதேஷ் சில்ஹெட் பையன், இருபது வயது இருக்கும். கொஞ்ச நேரம் பார்த்தான். தொட்டியின் மேற்குப் பக்கம் போய், வெயிலில் நின்றுகொண்டே சாப்பிட்டான்.

என்னை யாராவது திட்டியிருந்தால் அன்றே மறந்திருப்பேன். யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறுநாள் ஸ்டோரில் வேலை இழுத்துவிட்டது, நான்தான் கடைசி. தட்டோடு வந்து நின்றேன். சாச்சா நகர்ந்தார். வரிசை நகர்ந்தது. அந்தப் பையனும் நகர்ந்தான்.

எனக்கு அப்போது அப்பாவின் ஞாபகம் வந்தது. எங்கள் நிலம் கடைமடை என்பது இங்கே பலருக்குத் தெரியும். தமிழகமும் கேரளமும் போட்ட பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தப்படி எல்லையில் இருக்கிற மணக்கடவில் வருடத்துக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீர் நமக்கு வர வேண்டும். 1970-இல் கையெழுத்தானது. வருகிறதா இல்லையா என்று இரண்டு அரசாங்கங்களும் சண்டை போடுவதைப் பேப்பரில் படிக்கிறோம். ஆனால் வாய்க்காலில் தண்ணீர் விட்ட பிறகும் எங்கள் வயலுக்கு வராது. ராத்திரி அப்பா மண்வெட்டியும் டார்ச்சுமாக வாய்க்கால் ஓரமாகவே மேலே ஏறிப் போவார், நான் பின்னால் போவேன். போகப் போக ஒவ்வொருத்தரும் ஒழுங்காக மடையை அடைத்திருப்பார்கள். நடுவில் ஒரே ஒரு ஆள் திறந்துவிட்டுத் தூங்கப் போயிருப்பார். அந்த நடு ஆளை அப்பா என்ன திட்டுத் திட்டுவார் என்பதைப் பிள்ளைகள் இருக்கிற சபையில் சொல்ல முடியாது. ஷார்ஜாவில் நான்தான் அந்த நடு ஆள்.

திருந்திவிட்டேன் என்று நினைத்துக்கொண்டுதான் ஊருக்கு வந்தேன்.

வந்து பார்த்தால் இங்கே தோப்பிலும் செங்கல் சூளையிலும் கஞ்சிக்கோட்டுக் கம்பெனிகளிலும் வெளி மாநிலத்துப் பிள்ளைகள். அசாமோ ஒடிசாவோ பீகாரோ, நமக்கு எல்லாரும் 'பெங்காளி'. என்னை மலபாரி என்றார்களே, அதே கணக்கு. கேரள அரசு அவர்களை 'அதிதி தொழிலாளி' என்று எழுதுகிறது. அதிதி என்றால் விருந்தாளி. முக்கு டீக்கடை பெஞ்சில் நாங்கள் நாலு பேர் காலையில் பேப்பரைப் பங்குபோட்டுப் படிப்போம். அந்த விருந்தாளி கிளாசைக் கையில் வைத்துக்கொண்டு ரோட்டோரம் நின்று குடிப்பான். யாரும் அவனை உட்காராதே என்று சொன்னதில்லை. யாரும் உட்கார் என்றும் சொன்னதில்லை. ஆறு மாதம் அப்படித்தான் போயிற்று, நான் அந்த பெஞ்சில் இருந்தேன்.

ஒருநாள் நகர்ந்து இடம் விட்டு, "பைட்டோ" என்றேன். அவன் என் இந்தியைப் பார்த்துச் சிரித்துவிட்டு மலையாளத்தில் பதில் சொன்னான். "வேண்டா சேட்டா, பேண்ட்டில் சிமெண்ட்டு." பெஞ்ச் அழுக்காகிவிடும் என்று இத்தனை நாள் நின்றிருக்கிறான். என் பக்கத்தில் ஒரு பெரியவர், வயலிலிருந்து நேராக வந்தவர். தன் வேட்டியைத் தூக்கிக் காட்டினார். "இதப் பாரு, சேறு. சிமெண்ட்டு என்ன பண்ணும்? உட்காரு கண்ணு." அவர் தமிழில்தான் சொன்னார். அவன் உட்கார்ந்தான்.

இன்னும் ஒன்றே ஒன்று சொல்லிவிட்டு இறங்கிவிடுகிறேன். இந்தப் பந்தலைப் போட்ட தம்பிகள் இரண்டு பேர் பின்னால் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள், நான் ஆரம்பித்ததிலிருந்து பார்க்கிறேன். காலையில் இருந்து வேலை. அந்த இடதுபக்கப் பாய்க்காரர்கள் கொஞ்சம் தள்ளி உட்காருங்க. இல்லைங்க, எழுந்திருக்க வேண்டாம். தள்ளினால் போதும். அந்தச் சிவப்புச் சட்டைத் தம்பி, நீதான் நடுவில் இருக்கிறாய்.