ஓட்டு குறைவு, இடம் அதிகம்: 1967 கூட்டணிக் கணக்கு

[திரையில்: 41.10 | 40.69]

இந்த இரண்டு எண்களையும் பாருங்கள். 1967 சென்னை மாநிலச் சட்டமன்றத் தேர்தலில் காங்கிரஸ் வாங்கியது 41.10 சதவீதம், திமுக 40.69. ஓட்டில் ஆளுங்கட்சிதான் முன்னே. ஆனால் காங்கிரசுக்குக் கிடைத்த இடங்கள் 51, திமுகவுக்கு 137!

1962-இலும் பாதிக்கு மேற்பட்ட ஓட்டு காங்கிரசுக்கு எதிராகத்தான் விழுந்தது. திமுகவுக்கு 27, ராஜாஜியின் சுதந்திராக் கட்சிக்கும் கம்யூனிஸ்டுகளுக்கும் தலா ஏழெட்டு சதவீதம் என்று அது சிதறியது. 46 சதவீதத்தை வைத்தே 206-இல் 139 இடங்களை காங்கிரஸ் அள்ளியது.

[திரையில்: அண்ணாவும் ராஜாஜியும்]

அந்தச் சிதறலைத் தடுக்கத்தான் அண்ணா கூட்டணி கட்டினார். யாரோடு? 1938-இல் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கிய ராஜாஜியோடு! அதை எதிர்த்துச் சிறைக்குப் போனவர்களில் அண்ணாவும் ஒருவர். அறுபதுகளில் ராஜாஜியே இந்தித் திணிப்பை எதிர்த்தார் என்பதால் பேச ஓர் இடம் கிடைத்தது. வலதுசாரி சுதந்திராவும் மார்க்சிஸ்ட் கட்சியும் முஸ்லிம் லீக்கும் ஒரே அணியில் நின்றன. என்னைக் கேட்டால், இதைச் சாதித்ததுதான் அண்ணாவின் பெரிய அரசியல் திறமை.

சரி, கணக்கு எங்கே மாறியது? தொகுதிப் பங்கீட்டில்தான். காங்கிரஸ் 232 தொகுதிகளில் நின்றது. திமுக 174-இல் மட்டும் நின்று, மீதியைத் தோழமைக் கட்சிகளுக்கு விட்டது. கிட்டத்தட்ட அதே அளவு ஓட்டு, குறைவான தொகுதிகளில் குவிந்தது. விட்டுக்கொடுத்த தொகுதியில் உதயசூரியன் சின்னமே இருக்காது. திமுக தொண்டர் வீடு வீடாகப் போய் சுதந்திராவின் நட்சத்திரச் சின்னத்துக்கு முத்திரை குத்தச் சொல்ல வேண்டும். அந்த உழைப்பு இல்லையென்றால் பங்கீடு வெறும் காகிதம்தான்.

1965 மொழிப்போரில் விழுந்த உயிர்களும் அரிசிப் பஞ்சமும் சேர்ந்து மக்களைக் கொதிக்க வைத்திருந்தன. விருதுநகரில் காமராசரே 1,285 ஓட்டில் ஒரு மாணவர் தலைவரிடம் தோற்றார்.

[திரையில்: மார்ச் 6, 1967]

திமுகவுக்குத் தனிப் பெரும்பான்மை கிடைத்ததால் அமைச்சரவையும் தனியாகவே அமைந்தது. 20 இடங்களில் வென்ற சுதந்திரா வெளியே நின்றது. அப்புறம் 1971-இல் ராஜாஜி, திமுகவை எதிர்த்து காமராசரோடு கைகோத்தார்.