போலீஸும் அப்பீலுக்கு வரலாம்

வணக்கம். போன வாரம் ஆர்.கே.புரம் மலை மந்திரில் படியிறங்கும்போது ஒரு மாமி என்னைப் பிடித்துக்கொண்டார். "நீ கோர்ட்டுக்குப் போறவன்தானே? ஜட்ஜைத் திட்டினால்தானே கண்டெம்ப்ட்? யாரையோ அடித்த போலீசுக்கு எப்படி அது வரும்?"

நியாயமான சந்தேகம்தான். கோர்ட் உத்தரவை வேண்டுமென்றே மீறினாலும் கண்டெம்ப்ட், அதாவது நீதிமன்ற அவமதிப்புதான். கைது செய்யும்போது போலீஸ் எப்படி நடக்க வேண்டும் என்று டி.கே.பாசு வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. சட்டையில் பெயர் தெரிய வேண்டும், நேரமும் தேதியும் போட்டு அரெஸ்ட் மெமோ எழுத வேண்டும், வீட்டாருக்குத் தகவல் போக வேண்டும். மீறினால் கண்டெம்ப்ட் என்றும் அதே தீர்ப்பில் இருக்கிறது.

மாமி கேட்ட போலீஸ் கதை இதுதான்: 2022 அக்டோபரில் குஜராத்தின் கேடா மாவட்டம், உந்தேலா கிராமம். கர்பா ஆட்டத்தில் கல்லெறிந்ததாகப் பிடித்தவர்களைக் கம்பத்தோடு நிறுத்தி, ஊரே பார்க்க லத்தியால் அடித்தார்கள். வீடியோவும் வந்தது. நான்கு போலீசார் மீது கண்டெம்ப்ட் வழக்கு. நஷ்டஈடு தருகிறோம் என்றார்கள். அடி வாங்கியவர்கள் வேண்டாம் என்றுவிட்டார்கள். 2023 அக்டோபரில் குஜராத் உயர் நீதிமன்றம் 14 நாள் சிறை, ஆளுக்கு 2000 ரூபாய் அபராதம் என்று தீர்ப்புச் சொன்னது. நீதிமன்ற அவமதிப்புச் சட்டத்தில் அபராதத்தின் உச்சமே அந்த 2000தான். 1971இல் எழுதிய தொகை. இன்று கரோல் பாகில் நாலு பேர் சாப்பிட்டாலே பில் அதைத் தொட்டுவிடும்!

அந்தப் போலீசார் அப்பீலுக்கு நம் டெல்லிக்கு, உச்ச நீதிமன்றத்துக்கு வந்தார்கள். சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி, தண்டனை கொடுத்தவர் தனி நீதிபதி என்றால் 30 நாளுக்குள் அதே உயர் நீதிமன்றத்தில் இரண்டு நீதிபதிகளாவது இருக்கும் அமர்வுக்குப் போகலாம். அமர்வே கொடுத்திருந்தால் 60 நாளுக்குள் உச்ச நீதிமன்றம். இது சலுகை இல்லை, உரிமை. டி.கே.பாசு தீர்ப்பை வேண்டுமென்றே மீறவில்லை என்பது அவர்கள் தரப்பு வாதம். 2024 ஜனவரியில் விசாரித்த நீதிபதிகள், கம்பத்தில் கட்டி அடிக்க எந்தச் சட்டம் இடம் கொடுக்கிறது என்று கடுமையாகவே கேட்டார்கள். கேட்டுவிட்டு அப்பீலை விசாரணைக்கு ஏற்றார்கள், தண்டனைக்கு இருந்த தடையையும் நீட்டித்தார்கள்.

"அடித்தவனுக்கு இவ்வளவு சௌகரியமா?" என்றார் மாமி.

இருக்கட்டும் மாமி என்றேன். கண்டெம்ப்டில் புகாரைக் கையில் எடுப்பதும் கோர்ட், தண்டிப்பதும் கோர்ட். மேலே இன்னொருவர் பார்க்காமல் யாரையும், அடித்தவனையும்கூட, உள்ளே தள்ள எனக்கு மனசு வராது. மாமி சமாதானமாகவில்லை. பிரசாதப் பொட்டலத்தை மட்டும் கொடுத்துவிட்டுப் போனார்.