ஒரு கை அசைந்தால் போதும்

(மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் நடந்த வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசியது)

அவையோருக்கு வணக்கம். கார்ட்டூன் படங்களில் எது உசத்தி என்று பேசச் சொன்னார்கள். அந்தத் தீர்ப்பு சொல்ல நான் ஆளில்லை. எனக்கு எது பிடிக்கும், ஏன் பிடிக்கும் என்று மட்டும் சொல்கிறேன். சண்டைக்கு வருகிறவர்கள் தேநீர் வேளையில் வரலாம்.

எனக்குக் குறைவாக அசையும் படங்கள்தான் பிடிக்கும். சினிமாவில் விநாடிக்கு 24 பிரேம். ஒவ்வொன்றுக்கும் தனிப்படம் வரைந்தால் அசைவு வழுக்கிக்கொண்டு ஓடும். 1963இல் ஒசாமு தெசூகா ஜப்பான் தொலைக்காட்சிக்கு ‘ஆஸ்ட்ரோ பாய்’ செய்தபோது, வாராவாரம் அரைமணி நேரப் படம் கொடுத்தாக வேண்டும். அதற்கேற்ற பணமும் இல்லை, நேரமும் இல்லை. ஒரே படத்தை மூன்று பிரேமுக்கு நிறுத்திவைத்தார்கள். முகம் அப்படியே இருக்கும், வாய் மட்டும் அசையும். சிக்கனத்துக்காகச் செய்த வேலைதான். ஆனால் நின்ற முகத்தை உற்றுப் பார்க்க நமக்கு நேரம் கிடைத்தது. புருவம் லேசாகச் சாய்ந்தாலே கோபம் புரிந்தது. இதைச் சொன்னால் என் அக்காள் மகன், “லேக் ஆகுது மாமா” என்கிறான். சரி, அவன் கண் வேறு, என் கண் வேறு.

கிளந்தான் மாநிலத்து நிழல் பாவைக்கூத்தான வாயாங் குலிட்டைப் பாருங்கள். நம் ராமாயணம்தான், ராமனுக்கு அங்கே செரி ராமா என்று பேர். தோல்பாவைகளில் பெரும்பாலானவற்றுக்கு ஒரு கைதான் அசையும். அந்த ஒரு கையையும் தன் குரலையும் வைத்தே, பாவையை ஆட்டும் டாலாங் ஒரு போரை நடத்திவிடுவார். பாவை திரையை ஒட்டி இருந்தால் நிழல் கூராக விழும். விளக்குப் பக்கம் இழுத்தால் ஊதிப் பெருத்து மங்கும். அரக்கன் வர இதைவிட என்ன வேண்டும்?

அப்புறம் நம் பேராக்காரர், கார்ட்டூன் ஓவியர் லாட். 1979இல் வந்த அவருடைய ‘கம்போங் பாய்’ புத்தகத்தில் அந்தப் பையனின் கலைந்த தலையையும் முகத்தை அடைத்த மூக்கையும் பார்த்தாலே சிரிப்பு வரும். அது பின்னாளில் தொலைக்காட்சித் தொடராகி, 1999இல் பிரான்சின் அன்னெசி விழாவில் பரிசும் வாங்கியது. இருந்தாலும் என் ஓட்டு புத்தகத்துக்கே. பேனா எங்கே அழுத்தியது, எங்கே அவசரப்பட்டது என்பது தாளில் தெரிகிறது.

கம்ப்யூட்டரில் செய்த ‘உப்பின் இப்பின்’ தொடர் பிடிக்காதா என்பீர்கள். 2007இல் நோன்பு மாதத்துக்காக வந்ததிலிருந்து பார்க்கிறேன். ராஜுவும் அவன் மாடும் வந்தால் சேனலை மாற்றவே மாட்டேன். கதையில் குறையில்லை, தோல்தான் பிளாஸ்டிக் பொம்மை மாதிரி பளபளக்கிறது.

இன்னொன்று. இந்நாட்டின் முதல் கார்ட்டூன் குறும்படமான ‘ஹிகாயாட் சாங் கஞ்சில்’ 1983இல் வெளிவந்தது. செய்தவர் ஆனந்தம் சேவியர். இந்தப் பேரைப் பிள்ளைகளுக்குச் சொல்லிவையுங்கள்.

நம் தோட்டத்தை யாராவது படமாக்கினால் கையால் வரையட்டும். ரப்பர் பால்மரத்தில் வெட்டு இடப்பக்கம் மேலிருந்து வலப்பக்கம் கீழே சரிவாக இறங்கும். சீவச் சீவப் பட்டையில் வரிமேல் வரியாகத் தடம் நிற்கும். மரமே பாதிப் படத்தை வரைந்து கொடுத்துவிடுகிறது. காற்றில் இலையெல்லாம் ஆட வேண்டாம், மரத்தில் கட்டிய மங்குக் கிண்ணத்தில் பால் சொட்டினால் போதும்.

எண்ணெய் தரும் செம்பனையைப் பற்றி மட்டும் கேட்காதீர்கள். அந்த ஓலைக் குவியலுக்கு எனக்குக் கோடு பிடிபடவே இல்லை. அதற்குக் கம்ப்யூட்டர்தான் சரி.