படத்தைப் பார்த்துவிட்டு வயலில் இறங்குங்கள்

விவசாயப் பெருமக்களுக்கு வணக்கம்.

போன சம்பாவில் தஞ்சைப் பக்கம் ஒருவருடைய மூன்று ஏக்கர் வயலுக்குப் போயிருந்தேன். நட்டு 40 நாள் ஆன பயிர். வரப்பில் நின்று பார்த்தால் ஒரே பச்சை. ஆனாலும் அவருக்கு மனசு கேட்கவில்லை. "பயிர் எடுப்பா இல்லீங்க, இன்னொரு மூட்டை யூரியா வீசிடலாம்னு இருக்கேன்" என்றார். சரி, வீசுவதற்கு முன்னால் ஒரு தடவை பார்த்துவிடுவோம் என்று ட்ரோனை ஏற்றினோம். படத்தில் தெற்கு வரப்பை ஒட்டி ஒரு பட்டை மட்டும், கோடு கிழித்தாற்போல வெளிறித் தெரிந்தது.

அந்த ட்ரோனில் இருந்தது கல்யாண வீட்டில் பறக்கிற கேமரா இல்லை, கண்ணுக்குத் தெரியாத ஒளியையும் பிடிக்கிற கேமரா. நல்ல இலை சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொள்ளும். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைத் திருப்பி அனுப்பிவிடும். பயிர் சுணங்கினால் இந்த அளவு மாறும். இரண்டையும் ஒப்பிட்டுப் போடுகிற கணக்குக்குத்தான் என்.டி.வி.ஐ. என்று பெயர். இலை மஞ்சளாகி நம் கண்ணில் படுவதற்கு முன்பே பல சமயம் இது காட்டிக்கொடுத்துவிடும்.

நிறத்தைவிட வடிவத்தைத்தான் நான் முதலில் பார்ப்பேன். நேர்கோடாக இருந்தால் பெரும்பாலும் நம் கைவேலை: உரம் விழாத இடம், டிராக்டர் அழுத்திய தடம், சமன் செய்யாத மேடு. வட்டத் திட்டாக இருந்தால் பூச்சியோ நோயோ என்று சந்தேகப்பட வேண்டும். அன்றைக்கு இறங்கிப் பார்த்தால், அந்த ஓரம் நாலு விரல் மேடு. தண்ணீர் ஏறவே இல்லை. யூரியா மூட்டை வீட்டிலேயே இருந்தது.

யூரியா மிஞ்சினால் பணம் போவதோடு நிற்காது. நெற்பயிரின் சாற்றை உறிஞ்சும் புகையான் பூச்சியை நாமே வெற்றிலை பாக்கு வைத்து அழைத்த கதையாகிவிடும்.

அந்தப் புகையான் விஷயத்தில் ட்ரோனை மட்டும் நம்பாதீர்கள். அது தூரின் அடியில், தண்ணீருக்குச் சற்று மேலே உட்கார்ந்து சாறு உறிஞ்சும். மேலிருந்து பார்க்கிற கேமராவுக்குப் பூச்சி தெரியாது, பயிர் வாடிய பிறகு திட்டுதான் தெரியும்.

ட்ரோனை விலைக்கு வாங்குவது சிறு விவசாயிக்குக் கட்டாது, வாடகைதான் வழி. 2023இல் மத்திய அரசு 15,000 மகளிர் குழுக்களுக்கு ட்ரோன் கொடுக்கும் திட்டத்தை அறிவித்தது. அவை முக்கியமாக மருந்து, உரம் தெளிக்கத்தான். படம் எடுக்கும் வசதியும் வேண்டும் என்று நாம் கேட்டு வாங்க வேண்டும். எங்கே அடிப்பது என்று தெரியாமல் வேகமாக அடித்து என்ன பயன்?

அப்புறம், படத்தில் வட்டத் திட்டு தெரிந்தால் உடனே மருந்துக் கடைக்கு ஓடாதீர்கள். இறங்கிப் போய் தூரை விலக்கி, அடியில் தட்டிப் பாருங்கள். ஒரு தூருக்கு, புகையானைப் பிடித்துத் தின்னும் சிலந்தி ஒன்றாவது இருந்தால், தூரில் உள்ள ஒரு கிளைக்கு இரண்டு புகையான் வரும்வரை பொறுக்கலாம். சிலந்தியே இல்லையென்றால் கிளைக்கு ஒன்று என்றாலே மருந்து வேண்டும், அதுவும் தூரின் அடியில் படும்படி. நன்றி, வணக்கம்.