வெளிநாட்டில் விடுமுறை வீடு: கடனுக்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி

வணக்கம். கடலைப் பார்த்த பால்கனி, கீழே நீச்சல் குளம். வருஷத்தில் இரண்டு வாரம் நீங்கள் தங்கலாம், மீதி நாளெல்லாம் சுற்றுலாப் பயணிகள் தங்குவார்கள், அவர்கள் தரும் வாடகையிலேயே கடன் அடைந்துவிடும். விளம்பரம் இப்படித்தான் ஆரம்பிக்கும்.

நடக்காத காரியம் இல்லை. ஆனால் முதல்முறை இறங்குகிறவர்கள் பெரும்பாலும் தலைகீழாகத் தொடங்குகிறார்கள். முதலில் வீடு பிடித்துப்போகிறது. அப்புறம் கடனுக்கு அலைகிறார்கள். அங்கே நாள் வாடகைக்கு விட அனுமதி உண்டா என்று விசாரிப்பது கடைசியில்தான். நாம் அந்தக் கடைசிக் கேள்வியிலிருந்து ஆரம்பிப்போம்.

[திரையில்: பார்சிலோனாவின் அடுக்குமாடி வீதி]

2024 ஜூனில் பார்சிலோனா மேயர் ஜௌமே கொல்போனி ஓர் அறிவிப்பு வெளியிட்டார். நகரத்தில் உரிமம் பெற்ற சுற்றுலா அடுக்ககங்கள் 10,101. 2028 நவம்பருக்குப் பிறகு அவற்றுக்கு உரிமம் கிடையாது, புதுப்பிக்கவும் மாட்டோம் என்றார். பத்திரத்தில் உங்கள் பெயர் அப்படியே இருக்கும், சாவியும் உங்களிடம்தான் இருக்கும். நாள் வாடகைக்கு விடத்தான் முடியாது. வீட்டை வாங்குவது ஒன்று, அதை நாள் வாடகைக்கு விடும் உரிமை இன்னொன்று.

நியூயார்க் நகரில் 2023 செப்டம்பரிலிருந்து, 30 நாளுக்குக் குறைவாக விடுவதானால் விடுகிறவரும் அதே வீட்டில் தங்கியிருக்க வேண்டும், விருந்தினர் இரண்டு பேருக்கு மேல் கூடாது. வெளிநாட்டில் உட்கார்ந்திருக்கும் முதலீட்டாளருக்கு அது மூடிய கதவுதான். ஜப்பானில் 2018-இல் வந்த சட்டப்படி வருஷத்துக்கு 180 நாள்தான் விடலாம். துருக்கி இன்னும் சுவாரஸ்யம். 2024 தொடக்கத்திலிருந்து அடுக்குமாடி வீட்டுக்கு அனுமதி வேண்டுமானால், பொதுவாக அந்தக் கட்டடத்தின் உரிமையாளர்கள் அத்தனை பேரும் சம்மதிக்க வேண்டும். மூன்றாம் மாடிப் பாட்டி ஒருவர் தலையாட்ட மறுத்தால் கதை முடிந்தது.

சரி, அனுமதி உண்டு என்றே வைத்துக்கொள்வோம். அடுத்தது, வெளிநாட்டவர் பெயரில் அந்தச் சொத்து எப்படிப் பதிவாகும்? மெக்சிகோவில் கடற்கரையிலிருந்து 50 கிலோமீட்டருக்குள் வெளிநாட்டவர் குடியிருப்பு மனையை நேரடியாக வாங்க முடியாது. ஃபிதேய்கோமிசோ என்ற வங்கி அறக்கட்டளை மூலம் வாங்குவார்கள். அதன் காலம் 50 ஆண்டு, புதுப்பிக்கலாம். தாய்லாந்தில் நிலம் கிடையாது. காண்டோமினியம் என்ற அடுக்குமாடிக் குடியிருப்பில் மொத்த வீட்டுப் பரப்பில் 49 சதவீதம் வரை வெளிநாட்டவர் வைத்திருக்கலாம். அதற்கும் பணம் வெளிநாட்டுக் கரன்சியாக வந்ததற்கு வங்கிச் சான்று வேண்டும். இவ்வளவு செய்து வாங்கிய பிறகும், 30 நாளுக்குக் குறைவாக விட்டால் ஹோட்டல் சட்டம் குறுக்கே வரும்.

பாலியில் முழு உரிமை நிலம் இந்தோனேசியக் குடிமக்களுக்கு மட்டும்தான். "உள்ளூர்க்காரர் ஒருவர் பெயரில் வாங்கிப் போடலாம், எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள்" என்று ஒருவர் வந்து சொல்வார். நம் ஊர் வார்த்தையில் பினாமி. அந்த ஏற்பாடு சட்டப்படி செல்லாது. தகராறு வந்தால் நிலம் உங்களுக்குக் கிடைக்காது. இந்தப் பேச்சு எழுந்தால் காபியைக் குடித்துவிட்டுக் கிளம்புங்கள்.

[திரையில்: காகிதத்தில் கையால் எழுதும் கணக்கு]

இப்போது கடன். பல நாடுகளில் வங்கிகள் அங்கே குடியிருக்காதவருக்குக் குறைவாகத்தான் கொடுக்கும். ஸ்பெயினில் வழக்கமாக மதிப்பில் 60, 70 சதவீதம். ஒரு கற்பனை வீட்டை வைத்துக் கணக்குப் போடுவோம்.

விலை 2 லட்சம் யூரோ. வங்கி 60 சதவீதம் தருகிறது, அதாவது 1,20,000. கைப்பணம் 80,000. பத்திரப் பதிவு, வரி, வக்கீல் எல்லாம் சேர்த்து 12 சதவீதம் என்றால் 24,000. கட்டில், மெத்தை, ஏசி, சமையல் சாமான் வரை 15,000. ஆக 1,19,000 யூரோ கையில் இருந்தால்தான் கதவே திறக்கும். மேலே ஆறு மாதத் தவணையைத் தனியாக எடுத்து வைக்க வேண்டும். "60 சதவீதம் கடன்" என்று காதில் விழுந்தது, கடைசியில் விலையில் 60 சதவீதத்தைக் கையிலிருந்து போடுவதாக முடிகிறது.

வரவைப் பார்ப்போம். ஓர் இரவுக்கு 100 யூரோ. வருஷத்தில் 200 இரவு போகிறது, 20,000. விருந்தினர் புக்கிங் செய்யும் இணையதளத்தின் கமிஷன் 15 சதவீதம், 3,000. வீட்டைப் பார்த்துக்கொள்ளும் நிறுவனத்துக்கு 20 சதவீதம், 4,000. துப்புரவு, சலவை, கரன்ட், இன்டர்நெட் 3,500. கட்டடப் பராமரிப்பு, காப்பீடு, உள்ளூர் வரி 2,000. மிஞ்சுவது 7,500. கடன் தவணையோ 4 சதவீத வட்டி, 20 ஆண்டு என்றால் மாதம் 727, வருஷத்துக்குச் சுமார் 8,700. வருமான வரிக்கு முன்பே 1,200 யூரோ கையைக் கடிக்கிறது. 20,000 கழுதை தேய்ந்து கட்டெறும்பானது இப்படித்தான்.

இதற்காக முதலீடே தப்பு என்று சொல்லவில்லை. கடனைக் குறைத்தாலோ, இன்னும் 40 இரவு போனாலோ கணக்கு நேராகும். ஆனால் அந்த 40 இரவு எங்கிருந்து வரும்? புக்கிங் இணையதளத்தில் பக்கத்து வீடுகளின் காலண்டரைப் பார்த்து முடிவு செய்பவர்கள் உண்டு. அதில் அடைபட்டிருக்கும் நாளெல்லாம் புக்கிங் இல்லை, உரிமையாளரே அடைத்து வைத்த நாளும் அப்படித்தான் தெரியும். விமர்சனங்களின் தேதியைப் பாருங்கள். சீசன் இல்லாத மாதங்களில் எத்தனை பேர் எழுதியிருக்கிறார்கள் என்பது ஓரளவு உண்மையைச் சொல்லும்.

சிலர் சொந்த நாட்டிலுள்ள வீட்டை அடமானம் வைத்துப் பணம் திரட்டுகிறார்கள். பேப்பர் வேலை குறைவு என்பது உண்மை. ஆனால் அங்கே சறுக்கினால் இங்கே குடியிருக்கும் வீடு போகும். அமெரிக்காவில் வாடகை வருமானம் தவணையைத் தாங்குமா என்பதை முக்கியமாகப் பார்த்துத் தரும் கடன்கள் உண்டு, வெளிநாட்டவருக்கும் கிடைக்கும். முன்பணமும் வட்டியும் கூடுதலாக இருக்கும்.

கடன் எந்தக் கரன்சியில் என்பதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வட்டி குறைவு என்று போலந்தில் ஏராளமானோர் சுவிஸ் ஃபிராங்கில் வீட்டுக் கடன் எடுத்திருந்தார்கள். சம்பளமோ போலந்துக் கரன்சியான ஸ்வோட்டியில். 2015 ஜனவரி 15 அன்று சுவிஸ் மத்திய வங்கி, யூரோவுக்கு எதிராக ஃபிராங்க் ஓர் அளவுக்கு மேல் ஏறாமல் வைத்திருந்த வரம்பைக் கைவிட்டது. ஒரே நாளில் ஃபிராங்கின் மதிப்பு ஸ்வோட்டிக்கு எதிராக ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு ஏறியது. ஒரு தவணைகூடத் தவறாதவர்களின் கடனும் வீங்கியது. அதனால் வாடகை எந்தக் கரன்சியில் வருமோ, முடிந்தவரை கடனும் அதிலேயே இருக்கட்டும்.

வரி தனி வீடியோவுக்கான விஷயம். ஒன்று மட்டும்: அமெரிக்காவில் குடியிருக்காதவர், செலவு போக மிச்சத்துக்கு மட்டும் வரி கட்டும் முறையைத் தேர்ந்தெடுக்காவிட்டால், செலவு கழிக்காமல் மொத்த வாடகையிலும் 30 சதவீதம் வரி போகலாம். விற்கும்போது பொதுவாக விலையில் 15 சதவீதத்தை வரிக்காகப் பிடித்து வைப்பார்கள். உங்கள் நாட்டிலும் இந்த வருமானத்தைக் காட்ட வேண்டியிருக்கும்.

[திரையில்: இரவு, ஆளில்லாத கடற்கரைத் தெரு]

முன்பணம் கொடுப்பதற்கு முன் ஒரு பயணம் போய் வாருங்கள். விற்கிறவர் காட்டும் வக்கீல் வேண்டாம், நீங்களே ஒருவரைப் பிடியுங்கள். கடலோரம் பளபளக்கும் சீசனில் போகாதீர்கள். சீசன் முடிந்தபின் போய், அதே கட்டடத்தில் ஒரு வாரம் வாடகைக்குத் தங்குங்கள். ராத்திரி பதினோரு மணிக்குக் கதவுப் பூட்டு திறக்காவிட்டால் யார் போனை எடுக்கிறார்கள் என்று அப்போது தெரியும். ஒரு செவ்வாய்க்கிழமை ராத்திரி கீழே இறங்கித் தெருவில் நின்று, எத்தனை ஜன்னலில் விளக்கு எரிகிறது என்று எண்ணிப் பாருங்கள்.