கடைமடைக்கு ஒரு மதிப்புரை

வாசகர் வட்டத்து நண்பர்களுக்கும், பள்ளிக்கூடம் விட்ட கையோடு வந்து உட்கார்ந்திருக்கிற ஆசிரியர்களுக்கும், நூலகர் அவர்களுக்கும் வணக்கம். சிறார் நூல்களுக்கு மதிப்புரை எழுதுவது எப்படி என்று இன்று பார்ப்போம்.

சென்னையில் புத்தகக் காட்சி நடக்கிற நாட்களில் இங்கே காவிரி டெல்டாவில் சம்பா அறுவடைக்கு மிஷின் கிடைக்குமா என்று விசாரித்துக்கொண்டிருப்போம். புதுச் சிறார் நூல்கள் பல அந்தச் சமயத்தில்தான் வெளிவருகின்றன. வலங்கைமானிலோ திருத்துறைப்பூண்டியிலோ இருக்கிற ஓர் ஆசிரியருக்கு அவற்றைக் கையில் எடுத்துப் புரட்டிப் பார்க்க வழியில்லை. அட்டையையும் விலையையும் போனில் பார்த்துவிட்டுப் பணம் அனுப்ப வேண்டும். கையில் இருப்பது ஆயிரம் ரூபாய், வகுப்பில் முப்பது பிள்ளைகள். மதிப்புரை என்பது அவருக்காக எழுதுவது. எழுதியவரை வாழ்த்த வேறு மேடைகள் இருக்கின்றன.

சீர்காழியில் 1892-ல் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன் 1931-ல் வகுத்த ஐந்து நூலக விதிகளில் இரண்டை மட்டும் இங்கே எடுத்துக்கொள்வோம்: ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர். அதே 1931-ல்தான் மன்னார்குடிப் பக்கத்தில் மாட்டுவண்டி நூலகம் கிளம்பியது. வண்டி புத்தகத்தை ஊருக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது. எந்தப் பிள்ளைக்கு எந்தப் புத்தகம் என்பதை வண்டியால் சொல்ல முடியாது. யாராவது படித்துப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

இப்போது நாம் படிக்கிற மதிப்புரைகளில் முக்கால் பங்கு கதைச் சுருக்கம். முடிவையும் உடைத்துவிடுவார்கள். கடைசி வரியில் ‘குழந்தைகள் அனைவரும் படிக்க வேண்டிய நூல்’. அனைவரும் என்றால் யார்? மடியில் உட்கார்ந்து படம் பார்க்கிற 4 வயதா, தனியாகப் படிக்கிற 9 வயதா, அப்பா அம்மாவுக்குத் தெரியாமல் படிக்க நினைக்கிற 14 வயதா? பின்னட்டையில் ‘6+’ என்று போட்டிருப்பதை அப்படியே எடுத்து எழுதினால் போதாது. நான்காம் வகுப்பில் எழுத்துக்கூட்டிப் படிக்கிற பிள்ளையும் உண்டு, நாவல் படிக்கிற பிள்ளையும் உண்டு. பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்க நூல்களை நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படியாகப் பிரித்திருக்கிறார்கள். வயதைச் சொல்வதைவிட இது எவ்வளவோ மேல். மதிப்புரையிலும் ‘நட படியில் இருக்கிற பிள்ளைக்குச் சரியாக இருக்கும்’ என்று எழுதினால் ஆசிரியருக்குச் சட்டென்று பிடிபடும்.

ஒரு படப் புத்தகத்தை மூன்று தடவை படிக்க வேண்டும். முதல் தடவை எழுத்தையே பார்க்காமல், படங்களை மட்டும். கதை பாதியாவது புரிகிறதா? படமும் எழுத்தும் ஒன்றையே சொன்னால் படம் வெறும் அலங்காரம். ‘பூனை ஒளிந்துகொண்டது’ என்று எழுத்து சொல்லி, அண்டாவுக்குப் பின்னாலிருந்து வால் மட்டும் நீட்டிக்கொண்டிருப்பதைப் படம் சொன்னால், அது நல்ல பக்கம். பிள்ளை விரலை வைத்து வாலைக் காட்டும்.

படத்தில் இருக்கிற தகவலையும் பாருங்கள். நடவுக் காட்சி இல்லாத கிராமத்துக் கதை அபூர்வம். பெண்கள் குனிந்து நிற்பார்கள். அவர்களுக்கு முன்னால் வெறும் சேறு, முதுகுக்குப் பின்னால் நட்ட வரிசைகள். நம் பிள்ளைகள் பார்த்தவுடன் சிரித்துவிடுவார்கள். நடவு நடுகிறவர்கள் பின்னால் நகர்ந்துகொண்டே நடுவார்கள், நட்ட பயிர் கண்ணுக்கு முன்னால் இருக்கும். முன்னால் போனால் நட்டதையே மிதித்துக்கொண்டு போக வேண்டியதுதான். கோடியக்கரைப் பூநாரையை வரைந்து அதன் வாயில் முழு மீனைக் கொடுத்துவிடுகிறார்கள். அந்த வளைந்த அலகு மீன் பிடிக்க வந்ததல்ல. தலையைக் கவிழ்த்து, அலகைத் தண்ணீரில் அமிழ்த்தி, நாக்கால் நீரை இழுத்துத் தள்ளி, சின்னஞ்சிறு உயிரிகளையும் பாசியையும் வடிகட்டித் தின்கிற பறவை அது. முத்துப்பேட்டை அலையாத்தி மரத்துக்கு, தண்டிலிருந்து வளைந்து இறங்கித் தாங்குகிற முட்டுவேர் போட்டு வரைவது இன்னொன்று. முட்டுவேர் சுரபுன்னைக்கு, அலையாத்திக்குச் சேற்றிலிருந்து மேல் நோக்கிக் குச்சி குச்சியாக மூச்சுவேர் நிற்கும். (கிராமம் என்றாலே இரண்டு மலை, நடுவில் சூரியன் என்று வரைகிறவர்களை என்ன சொல்வது? டெல்டாவில் மலை கேட்டால் தஞ்சாவூர்ப் பக்கத்து வல்லத்து மேட்டைத்தான் காட்ட வேண்டும்.)

இரண்டாம் தடவை வாய்விட்டு. 500 சொல் உள்ள புத்தகத்தை நிறுத்தி நிதானமாகப் படிக்க ஆறேழு நிமிஷம் ஆகும். நமக்கே எங்கே மூச்சு முட்டுகிறது, எங்கே நாக்கு பிசகுகிறது என்று பென்சிலால் குறியுங்கள். ‘ஓடிக்கொண்டிருந்தவர்களுக்கெல்லாம்’ என்பது 18 எழுத்து. ஓடுவது எந்தப் பிள்ளைக்கும் தெரியும். தடுக்கி விழுவது அந்த வாலில். ஒரு பக்கத்தில் தெரியாத சொல் ஐந்துக்கு மேல் போனால் கடினம் என்று ஐந்து விரல் கணக்கு ஒன்று சொல்வார்கள். தமிழில் அந்தக் கணக்கு மட்டும் போதாது. தெரிந்த சொல்லே ஒட்டு மேல் ஒட்டுச் சேர்ந்து தெரியாத சொல்லாக நிற்கும்.

மூன்றாம் தடவை அச்சுக்காக. ஒற்றுப்பிழையை எல்லாரும் பிடிப்பார்கள், அதை விடுங்கள். வரி உடைகிற இடத்தைப் பாருங்கள். ‘மரத்தி’ என்று ஒரு வரி முடிந்து ‘லிருந்து’ என்று அடுத்த வரி தொடங்கும். பெரியவர்கள் கண் தாவிவிடும். பிள்ளை ‘மரத்தி’ என்று படித்து நிற்கும், பிறகு ‘லிருந்து’ என்று புதிதாக ஒரு சொல்லைத் தொடங்கும். இது ஏன் வருகிறது? படத்துக்குப் பக்கத்தில் ஒடுக்கமான இடம் விட்டு, இரண்டு ஓரமும் நூல் பிடித்தமாதிரி நிற்க வேண்டும் என்று கட்டாயப்படுத்துவதால். இடது ஓரத்தை மட்டும் நேராக வைத்து வலது ஓரத்தை அதன் போக்கில் விட்டால், சொல்லை உடைக்க வேண்டிய தேவையே இல்லை.

அடுத்தது துணைக்கால் (ா) போட வேண்டிய இடத்தில் ர போடுவதும், ர வர வேண்டிய இடத்தில் கால் போடுவதும். ‘காடு’ என்பது ‘கரடு’ ஆகும், ‘கரடி’ என்பது ‘காடி’ ஆகும். நான்கும் தமிழ்ச் சொற்கள்தான் என்பதால் கணினித் திருத்தி வாயே திறக்காது. ‘காடி வந்தது, எல்லாரும் ஓடினார்கள்’ என்று படிக்கிற பிள்ளை, தனக்குத்தான் படிக்கத் தெரியவில்லை என்று நினைத்துக்கொள்ளும். அந்தப் பக்க எண்ணை மதிப்புரையில் கட்டாயம் கொடுங்கள்.

கட்டமைப்பையும் சொல்ல வேண்டும். நடுவில் ஸ்டேப்ளர் பின் அடித்த புத்தகம் நன்றாக மல்லாந்து விரியும், ஆனால் ஐப்பசி கார்த்திகை அடைமழையில் பின் துருப்பிடித்து நடுத்தாள் கையோடு வந்துவிடும். பசை போட்டு ஒட்டிய பைண்டிங் விரியாது. இரண்டு பக்கப் படத்தில் யானையின் கண் நடு மடிப்புக்குள் போய்விடும். பளபளப்பான ஆர்ட் பேப்பரில் டியூப்லைட் பட்டால் பாதி வரி தெரியாது. 30 பிள்ளைகள் கைமாற்றுகிற நூலகத்துக்கு வாங்குகிறவருக்கு இதெல்லாம் கதையைப் போலவே முக்கியம்.

மொழிபெயர்ப்பு நூல் என்றால் ஒரு சோதனை போதும். உரையாடலை மட்டும் தனியாகப் படியுங்கள். ‘அவள் கண்களை உருட்டினாள்’ என்று வரும். இங்கே கண்ணை உருட்டுவது மிரட்டுவதற்கு. ஆங்கிலத்தில் அது ‘ஆமா, இதை வேற கேக்கணுமா’ என்கிற சலிப்பு. பிள்ளைக்கு அந்த அக்கா கோபக்காரியாகத் தெரிவாள், கதை திசைமாறிவிடும்.

பதின்ம வயதினர் நூலில் மரணம் இருக்கிறது, காதல் இருக்கிறது, சாதி இருக்கிறது என்றால் இருக்கிறது என்று எழுதுங்கள். ‘ஏற்றதல்ல’ என்று கதவைச் சாத்த வேண்டாம். எவ்வளவு விரிவாக வருகிறது என்று சொன்னால் கொடுப்பவர் முடிவெடுத்துக்கொள்வார்.

பிள்ளைகளிடம் கொடுத்துப் பார்க்காமல் எழுதாதீர்கள். ஐந்தாறு பேர் போதும். ‘பிடிச்சிருக்கா?’ என்று கேட்டால் ‘பிடிச்சிருக்கு சார்’தான் பதில்; வாத்தியாரிடம் வேறு என்ன சொல்லும்? கேட்காமல் கவனியுங்கள். எந்தப் பக்கத்துக்குத் திரும்பி வருகிறார்கள், எங்கே இரண்டு தாளைச் சேர்த்துப் புரட்டுகிறார்கள், எந்த வரியை மறுநாள் விளையாட்டில் சொல்கிறார்கள். கடைசிப் பக்கத்தில் ‘நீதி’ என்று கட்டம் கட்டியிருந்தால், அதை எத்தனை பேர் படித்தார்கள் என்றும் பாருங்கள்.

எழுதும்போது 300 சொல் போதும். யாருக்கான நூல் என்பது முதல் பத்தியிலேயே வரட்டும். பாராட்டுக்கும் குறைக்கும் ஒவ்வொரு பக்கமாவது சான்று காட்டுங்கள். ‘ஓவியங்கள் அருமை’ என்பது சான்று ஆகாது. நூல் விவரத்தில் ஓவியர் பெயரையும் மொழிபெயர்ப்பாளர் பெயரையும் விடுவது நம்மிடம் ஊறிப்போன பழக்கம். பக்கம், விலை, 13 இலக்க ஐ.எஸ்.பி.என். (நூலின் அடையாள எண்) எல்லாம் வேண்டும். பதிப்பு விவரப் பக்கத்தைப் புரட்டுங்கள். புது அட்டை போட்ட பத்து வருஷத்துப் புத்தகம் ‘புதுவரவு’ என்று வந்து உட்கார்ந்திருக்கும். எழுதியவர் சிநேகிதர் என்றால் அதையும் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள்.

மேஜையில் ஏழு புத்தகம் இருக்கின்றன. ஆளுக்கு ஒரு பென்சிலும் உண்டு. இருவர் இருவராக ஒன்றை எடுத்துக்கொண்டு, எழுத்தைக் கையால் மறைத்துவிட்டு ஆரம்பிக்கலாம்.