ஒரே வம்சம், மூன்று ஊர்

நேயர்களுக்கு வணக்கம். குளிர்நாட்டில் உடல்நலம் என்று எனக்குத் தலைப்புத் தந்திருக்கிறார்கள். விட்டமின் டி பற்றித்தான் பேசுவேன் என்று நினைத்திருப்பீர்கள். அதை இப்போதே முடித்துவிடுகிறேன்: ரொறன்ரோவின் மார்கழி வெயிலை நம்பினால் நம் தோலில் அது ஊறாது, உங்கள் மருத்துவரிடம் கேட்டு மாத்திரை எடுங்கள். நான் சொல்ல வந்தது ஜப்பானியர் கதை.

1965 அளவில் ஓர் ஆய்வு தொடங்கியது. ஹிரோஷிமாவிலும் நாகசாகியிலும் ஊரோடு இருந்தவர்கள், ஹவாய்க்குப் போனவர்கள், சான் பிரான்சிஸ்கோ பக்கம் குடியேறியவர்கள் என மூன்று இடத்து ஜப்பானிய ஆண்களையும் ஒப்பிட்டார்கள். ஒரே வம்சம். ஆனால் மாரடைப்பு போன்ற இதய நோய் ஜப்பானில் குறைவு, ஹவாயில் அதிகம், கலிபோர்னியாவில் அதைவிட அதிகம். பக்கவாதமோ நேர்மாறு, ஊரில் இருந்தவர்களைத்தான் அதிகம் பிடித்தது. கடல் கடந்ததெல்லாம் நட்டமே என்று புலம்புவோர் இதையும் கணக்கில் எழுதிக்கொள்ளட்டும்.

சாப்பாடு மாறியதுதான் காரணம் என்றார்கள். பாதி சரி. 1976இல் ஆய்வாளர்கள் மைக்கேல் மார்மட்டும் லெனர்ட் சைமும் கலிபோர்னியாவின் 3,809 ஜப்பானியரைப் பற்றி எழுதினார்கள். ஜப்பானிய முறையில் வளர்ந்து, தம் மக்களோடு ஒட்டி வாழ்ந்தவர்களுக்கு இதய நோய் ஜப்பானில் உள்ள அளவுக்கே இருந்தது. அமெரிக்க முறைக்கு முற்றிலும் மாறிவிட்டவர்களிடம் மூன்று முதல் ஐந்து மடங்கு. புகை, கொலஸ்டிரால், இரத்த அழுத்தம் எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தும் வித்தியாசம் மிஞ்சியது. கூடி வாழ்ந்ததே காத்திருக்கலாம் என்பது அவர்கள் எண்ணம்.

அந்த ஆய்வில் பெண்களைச் சேர்க்கவில்லை. அக்காலத்து வழக்கம் அப்படி. ஆனால் ஸ்காபரோவில் என் மருத்துவ அறைக்கு வருகிறவர்களில் பாதிக்கு மேல் அம்மாமார்தான். "மகன் வேலைக்கு, பேரன் பள்ளிக்கு, நான் யன்னலுக்கு" என்றார் ஒருவர். பல வருடமாக நானும் சோற்றின் அளவையும் உப்பையும் மட்டுமே விசாரித்திருக்கிறேன். வெட்கமாகத்தான் இருக்கிறது. இப்போது முதல் கேள்வியே வேறு: இந்தக் கிழமை வீட்டாரைத் தவிர யாரோடு கதைத்தீர்கள்?

அந்த அம்மா நெடுநேரம் யோசித்தார்.

"பஸ் ஓட்டுகிறவர் காலை வணக்கம் சொன்னார், டொக்டர். நான் தலையாட்டினேன்."